விமானிக்குத் தெரியாதது நமக்கும் தெரியக்கூடாது

"இரண்டாம் உலகப் போர் விமான சிமுலேட்டர்களில் இன்றைக்குப் படத்தின் தரம் அபாரமாக இருக்கிறது. வி.ஆர். கண்ணாடியும் வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டே வாரத்தில் எல்லாம் குறிபார்த்துச் சுடும் விளையாட்டாகச் சுருங்கிவிடுகிறது. போர்க்காலத்தில் உண்மையாகவே பறக்கிறோம் என்ற உணர்வு வர இன்னும் என்னென்ன வசதிகள் வேண்டும்?" என்பது கேள்வி.

பல ஆண்டுகளாக இவற்றில் பறந்துகொண்டிருப்பவன் என்ற முறையில் என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்க வேண்டியதைவிட எடுத்துவிட வேண்டியதே அதிகம். 1940-இல் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையனுக்கு எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தான் சுட்ட விமானம் விழுந்ததா என்று தெரியாது. என்ஜின் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும், மேகத்துக்குக் கீழே இருப்பது கடலா கரையா, பக்கத்தில் பறந்த நண்பன் எங்கே போனான், எதுவும் தெரியாது. நம் திரையோ இவை அத்தனைக்கும் எழுத்திலும் எண்ணிலும் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதில்களைப் பறித்துக்கொண்டு, அவனிடம் இருந்த அரைகுறைத் தடயங்களை மட்டும் நம்மிடம் விட்டுவைக்கும் சிமுலேட்டர்தான் எனக்கு வேண்டும்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். எதிரி விமானத்தின் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் பெயரும் தூரமும் மிதப்பதை அணைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதை மட்டும் அணைத்தால் வேறோர் அநியாயம் நடக்கிறது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் அது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு அளவுதான் தெரியும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் 90 பாகைப் பார்வையை விரித்தால் ஒரு பாகைக்கு 21 பிக்சல். ஆக, அந்த விமானத்துக்குக் கிடைப்பது மூன்று பிக்சலுக்கும் குறைவு. நல்ல கண்ணோ ஒரு பாகையை அறுபதாகப் பிரித்துப் பார்க்கும். அதாவது திரை நம்மைப் பாதிக் குருடாக்கிவிட்டு, அதற்கு ஈடாக மிதக்கும் எழுத்தைக் கொடுக்கிறது. இரண்டுமே வேண்டாம். தொலைவில் உள்ள புள்ளியின் அடர்த்தியைக் கண்ணின் திறனுக்கேற்பக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். விமானம் சரியும்போது கண்ணாடிக் கூண்டில் சூரியன் பட்டுத் தெறிக்கும் ஒரு கணப் பளபளப்பைச் சரியாகக் கொடுக்கலாம். உற்றுப் பார்க்கும்போது படம் நெருங்கி வருவதை ஏமாற்று வேலை என்று சிலர் திட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. திரை தின்றுவிட்ட பார்வையை அது திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பிடிப்புக்கு எதுவுமில்லாத வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், தொலைவில் குவிவதில்லை. ஓரிரு மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். எதிரி கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியாது. இறக்கை நுனியையோ தொலைவில் உள்ள மேக விளிம்பையோ பார்த்துக் கண்ணைப் பழக்கிவிட்டு மறுபடி தேடினால் தெரியும். தலையின் திசையை சிமுலேட்டர் எப்படியும் அறிந்திருக்கிறது. ஆகவே வெறும் வானத்தையே நீண்ட நேரம் வெறித்தால் புள்ளிகள் மங்கட்டும். மேகத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் தெளியட்டும். பட்டுத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்ட விமானிகளை அலங்காரப் பிரியர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓயாமல் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சட்டைக் காலரில் உரசிப் புண்ணாகாமல் இருக்கத்தான் அந்தப் பட்டு. நம் கழுத்தும் வலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது காது. 1940-இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்துப் பிரிட்டன் நடத்திய வான்போரில் விமானியை எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ரேடியோவில் வந்த ஒரு குரல். கடற்கரையில் நின்ற செயின் ஹோம் ரேடார் நிலையங்கள் கடலை நோக்கித்தான் பார்த்தன. விமானங்கள் கரையைத் தாண்டிவிட்டால் பிறகு அவற்றைத் தொடர்ந்தது அப்சர்வர் கோர் தொண்டர்களின் கண்ணும் தொலைநோக்கியும்தான். அந்தத் தகவல், செய்திகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் 'வடிகட்டும் அறை'க்குப் போய், அங்கிருந்து மேசை வரைபடத்துக்கு வந்து, கட்டைகளாக நகர்த்தப்பட்டு, கட்டுப்பாட்டு அதிகாரி வாயிலிருந்து "வெக்டர் 130, ஏஞ்சல்ஸ் 15" என்று வருவதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும். 130 பாகைத் திசையில் போ, உயரம் 15,000 அடி என்று பொருள். அந்த உயரக் கணக்கு பல நேரம் தவறு. அதனால் சொன்ன உயரத்துக்கு மேல் இரண்டு மூன்றாயிரம் அடியைத் தாங்களாகவே கூட்டிக்கொண்டு ஏறிய தலைவர்கள் இருந்தார்கள்.

இன்றைய சிமுலேட்டர்களில் அந்தக் குரல் எல்லாம் அறிந்த கடவுளின் குரலாக இருக்கிறது. எதிரியின் இடத்தைக் கணினி அப்படியே எடுத்துப் படித்துவிடுகிறது. என்னைக் கேட்டால், தரையில் ஒரு தனி உலகம் ஓட வேண்டும்: ரேடார் பார்ப்பது, தொண்டர் பார்ப்பது, மேகத்தால் பார்க்க முடியாமல் போவது, வரைபடத்தில் கட்டை நகரும் தாமதம் எல்லாம் சேர்ந்து. அந்த மேசையில் இருப்பதைத்தான் அதிகாரி சொல்ல வேண்டும். "முப்பதுக்கு மேற்பட்டவை" என்றால் அது ஐம்பதாகவும் இருக்கலாம், நம் ஆட்களாகவே இருக்கலாம். குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கிறீச்சிட்டுக் கெட்டுப்போக வேண்டும். விமானம் இருக்கும் இடத்தைத் தரைக்குத் தெரிவிக்க ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சிலரது ரேடியோ நிமிடத்துக்கு 14 நொடி தானாகவே ஒலி எழுப்பும். அந்த நொடிகளில் அவர்களால் பேச முடியாது. எச்சரிக்க நினைத்தவன் வாய் அடைபட்டுக் கிடக்கும் அந்தப் 14 நொடிக்கு ஈடாக எந்த வெடிப்புக் காட்சியையும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

சுட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு மிக முக்கியம். திரையின் மூலையில் "எதிரி வீழ்த்தப்பட்டான்" என்று ஒரு வரி வருகிறதே, அந்த ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளிலும் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 குண்டு. தொடர்ந்து அழுத்தினால் ஏறக்குறைய 15 நொடியில் தீர்ந்துவிடும். இரண்டு நொடி சுட்டுவிட்டு உடனே விலகித் திரும்பாவிட்டால் பின்னால் இருப்பவன் நம்மைச் சுடுவான். ஆகவே பெரும்பாலான விமானிகள் தாங்கள் சுட்டது என்ன ஆயிற்று என்று பார்த்ததே இல்லை. புகை வந்தது, சரிந்தது, மேகத்துக்குள் போய்விட்டது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. ஜெர்மன் ஆவணங்களைப் பின்னாளில் பார்த்தபோது உண்மை எண்ணிக்கை ஏறக்குறைய 60. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூவர் சுட்டு, மூவருமே அது தன் வேட்டை என்று நம்பியிருந்தார்கள். பூமியை நோக்கிப் புகையோடு பாய்ந்தவன் கீழே போய் நிமிர்ந்து வீடு திரும்பியிருந்தான்.

இதை அப்படியே விளையாட்டின் உயிராக்கலாம். தரையிறங்கியதும் உளவுப் பிரிவு அதிகாரி ஒருவர் தாளும் பேனாவுமாக எதிரே உட்காரட்டும். எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், எத்தனை கஜ தூரத்திலிருந்து, எத்தனை நொடி சுட்டாய்? விழுந்ததைக் கண்ணால் பார்த்தாயா? வேறு யார் பார்த்தார்கள்? நாம் எழுதித் தர வேண்டும். உறுதி, அநேகமாக விழுந்திருக்கும், சேதம் என்ற மூன்றில் ஒன்றாக அது பதிவாகட்டும். பக்கத்தில் பறந்தவனின் அறிக்கை நம்முடையதோடு முரண்படட்டும். துப்பாக்கியோடு சேர்ந்து ஓடிய கேமராவின் படம் மறுநாள் கழுவி வரட்டும். அதில் நாம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு தூரத்திலிருந்து சுட்டிருப்பது தெரியட்டும். கணினிக்கு மட்டும் தெரிந்த உண்மை எண்ணிக்கையை, பல பயணங்களாக நீளும் விளையாட்டுத் தொடர் முடியும்வரை நமக்குக் காட்டவே கூடாது. இப்படி ஒன்று கிடைத்தால், சுடுவதற்கு முன் நெருங்கிப் போகும் பழக்கம் யாரும் சொல்லாமலே வந்துவிடும்.

என்ஜின் பற்றி எனக்குக் கோபம் உண்டு. பல சிமுலேட்டர்களில் அவசர வேகத்துக்கு ஐந்து நிமிட வரம்பு என்றால் ஐந்து நிமிடம் முடிந்த சில நொடிகளில் என்ஜின் செத்துவிடுகிறது. உண்மையில் அந்த வரம்பு தேய்மானத்துக்காக வைத்தது. ஆறாவது நிமிடம் வானத்தில் ஒன்றும் ஆகாமல் போகலாம். அதன் கணக்கு மூன்று நாள் கழித்து வரும். மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில், என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி கட்டியிருப்பார்கள். போர் அவசரச் சக்தி வேண்டுமென்றால் அந்தக் கம்பியை அறுத்துத் தள்ள வேண்டும். இறங்கிய பின் அறுந்த கம்பியைப் பார்த்ததும் தரைக்குழுத் தலைவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். அன்று இரவு அவனுக்குத் தூக்கம் இல்லை. ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் தொடர் முழுவதும் நிற்கும் நினைவு வேண்டும். நேற்று நான் வதைத்த என்ஜின் இன்று கொஞ்சம் எண்ணெய் கக்கட்டும். எனக்குப் பழகிய விமானம் பட்டறையில் இருப்பதால் வேறொருவனுடைய, இடப்பக்கம் இழுக்கும் விமானத்தில் நான் புறப்பட வேண்டி வரட்டும்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய கோணல் குணங்களும் வேண்டும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜினில் எரிபொருளை மிதவையால் அளந்து விடும் கார்பரேட்டர் இருந்ததால், மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் என்ஜின் ஒரு கணம் மூச்சடைக்கும். ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் என்ஜினில் எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்பட்டதால் அதன் விமானி தயங்காமல் குனிந்து தப்பினான். 1941-இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் குழாயில் பொருத்திய ஒரு சின்ன உலோகத் தடுப்பு அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது. தொடரின் நடுவில் ஒரு நாள் அந்தத் தடுப்பு நம் ஸ்குவாட்ரனுக்கு வந்து சேர்வது ஒரு பெரிய பரிசாக இருக்கும். தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் சக்கரத்தை மடக்கக் கைப்பம்பு அடிக்க வேண்டும். வலக்கை பம்புக்குப் போனதும் இடக்கைதான் விமானத்தைத் திருப்பும் கோலைப் பிடிக்கும். புதியவன் ஓட்டும் விமானம் தரையைவிட்டு எழுந்ததும் ஏறி இறங்கி ஏறி இறங்கித் துள்ளும். ஒரு பொத்தானில் சக்கரம் மடங்குகிற இடத்தில் இந்தத் துள்ளலை வைத்துப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சிமுலேட்டரில் ஒரு மஸ்டாங் காவல் பயணம். இருக்கைக்குப் பின்னால் 85 கேலன் எரிபொருள் டாங்கி. அது நிறைந்திருந்தால் எடை பின்னுக்குத் தள்ளி விமானம் சண்டைக்கு ஆகாததாகிவிடும், அதனால் முதலில் அதைக் குறைக்க வேண்டும். அதன் அளவுமானியோ இடது தோளுக்குப் பின்னால். இறக்கை டாங்கிகளின் மானிகள் தரையில், இருக்கைக்கு இருபுறமும். இறக்கைக்கடியில் தொங்கும் கழற்றி எறியும் டாங்கிகளுக்கு மானியே கிடையாது, கடிகாரம்தான் கணக்கு. மேகத்துக்கு மேல் அழகான மாலை வெயில், அதைப் பார்த்துக்கொண்டே நேரத்தை மறந்துவிட்டேன். என்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு மௌனம். காற்று உரசும் ஓசை மட்டும். கையால் டாங்கி மாற்றும் குமிழைத் தேடுகிறேன், கண் எரிபொருள் அழுத்த முள்ளில் நிற்கிறது, முள் விழுந்து கிடக்கிறது. குமிழைத் திருப்பி, அது பிடித்து, என்ஜின் மறுபடி உறுமுவதற்குள் ஆயிரம் அடி இறங்கியிருந்தேன். அன்று ஒரு எதிரியைக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது வேறெப்போதும் இல்லை.

உடலை சிமுலேட்டர்கள் மிகவும் அலட்சியப்படுத்துகின்றன. கடும் திருப்பத்தில் உடல் நான்கைந்து மடங்கு கனக்கும்போது திரை ஓரம் கறுப்பாகிறது, அதோடு சரி. முதலில் நிறங்கள் வடிய வேண்டும், பிறகு ஓரப் பார்வை போக வேண்டும், காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நினைவு தப்பினால் திரும்பி வந்த பிறகும் சில நொடி எங்கே இருக்கிறோம் என்றே விளங்கக்கூடாது. பத்தாவது கடும் திருப்பத்தில் நம் தாங்குதிறன் முதல் திருப்பத்தில் இருந்ததைப் போல இருக்கக்கூடாது. கோலின் கனமும் அப்படித்தான். 1942-இல் அலாஸ்காவை அடுத்த அகுட்டான் தீவில் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்த ஜப்பானிய ஜீரோ போர் விமானத்தை அமெரிக்கர்கள் பறக்கவிட்டுப் பார்த்தபோது, மெதுவான வேகத்தில் பறவைபோல் திரும்பும் அந்த விமானத்துக்கு அதிவேகத்தில் பக்கவாட்டில் உருள்வதே பெரும்பாடாக இருப்பது தெரிந்தது. சாதாரண ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு இது தெரியாது. எதிர்விசை தரும் ஜாய்ஸ்டிக் இப்போது மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. பணம் இருந்தால் அதற்குத்தான் முதலில் செலவிடச் சொல்வேன், திரைக்கு அல்ல.

ஆக்சிஜன் குறைவு இன்னும் நுட்பமானது. 25,000 அடியில் ஆக்சிஜன் நின்றுபோனால் பயனுள்ள நினைவு இருப்பது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கொடுமை என்னவென்றால் அந்த நிமிடங்களில் மனிதன் உற்சாகமாக, எல்லாம் சரியாக இருப்பதாகவே உணர்வான். திரையை இருட்டாக்கி எச்சரித்தால் இந்தக் கொடுமை கெட்டுவிடும். மாறாக, நம் கை அசைவுக்கு விமானம் இணங்குவதில் இம்மி இம்மியாகத் தாமதம் கூடட்டும். ரேடியோவில் கேட்ட எண் மாறிப் பதியட்டும். ஒரே தடயம், ஆக்சிஜன் ஓடும்போது மூச்சுக்கு மூச்சு இமைபோல் மூடித் திறக்கும் சிறிய காட்டி அசையாமல் நிற்பது. அதைப் பார்க்கும் பழக்கம் இருப்பவன் பிழைப்பான்.

வழி கண்டுபிடிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தில் நம் விமானம் நகரும் குறி இருக்கவே கூடாது. சுழல்காட்டித் திசைமானி மெல்ல விலகும். சுமார் கால் மணிக்கு ஒருமுறை காந்தத் திசைமானியைப் பார்த்துத் திருத்த வேண்டும். புறப்படும் முன் சொன்ன காற்று தவறாக இருக்கட்டும். 1944 ஜூன் 20 அன்று பிலிப்பைன் கடலில் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து பிற்பகல் முடியும் நேரத்தில் அனுப்பப்பட்ட விமானங்கள் இருட்டில் திரும்பின. எதிரி நீர்மூழ்கிகள் பற்றிய பயத்தையும் மீறி, கப்பல்களின் விளக்குகளை ஏற்றச் சொன்னார் அட்மிரல் மிட்ஷர். அப்படியும் ஏறக்குறைய 80 விமானங்கள் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியோ தளத்தில் மோதியோ அழிந்தன. திரும்பி வருவதே அந்த நாளின் பெரிய சண்டை. எத்தனை சிமுலேட்டர்களில் குண்டு போட்டதும் "பணி நிறைவேறியது" என்று வந்துவிடுகிறது!

தோழர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தொடரில் கணினி ஓட்டிய விங்மேன் (பக்கத்தில் துணையாகப் பறப்பவன்) ஒருவன் என்னோடு பதினொரு முறை பறந்தான். பன்னிரண்டாவது முறை மேகத்துக்குள் பிரிந்தோம், அவன் வரவில்லை. மறுநாள் பட்டியலில் அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது. ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது மிகவும் உறுத்தியது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். 30 பயணம் முடித்தால் ஒரு சுற்று முடிந்தது என்று ஓய்வு. 27, 28 என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை எந்தப் புள்ளிப் பட்டியலும் தராது. ஆகவே பெயர்ப் பலகையில் சாக்பீஸால் எழுதிய பெயரைத் துடைப்பதையாவது காட்டுங்கள். சில நேரம் மூன்று நாள் கழித்து, வேறொரு தளத்தில் இறங்கிவிட்ட அவன் லாரியில் வந்து குதிக்கட்டும். அது எப்போதாவது நடந்தால்தான் மற்ற நாட்களில் காத்திருப்போம்.

அந்தத் தோழர்கள் எல்லோரும் ஒரே அளவுத் திறமையோடு இருப்பதும் பெரிய குறை. மூன்று பேர் நெருக்கமாக 'வி' வடிவில் பறந்த ஆங்கிலேய அணியில், பக்கத்தில் இருந்தவர்கள் தலைவன்மேல் மோதாமல் இருப்பதிலேயே கண்ணை வைத்திருந்தார்கள். வானத்தைப் பார்க்க ஆள் இல்லை. ஸ்பெயின் போரில் பாடம் கற்ற ஜெர்மானியர்கள் நால்வராக விரிந்து பறந்து ஒருவர் முதுகை ஒருவர் காத்தார்கள். புதிதாக வந்தவன் நம் இறக்கையையே வெறிக்க வேண்டும், நாம் கத்தினாலும் அரை நொடி தாமதித்தே திரும்ப வேண்டும். அவனை ஐந்து பயணம் உயிரோடு வைத்திருந்தால் ஆறாவதில் எதிரியை அவன் முதலில் பார்த்துச் சொல்லட்டும். எந்தப் பதக்கத்தையும்விட அந்த ஒரு வாக்கியம் மகிழ்ச்சி தரும்.

"இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான், பெர்லினுக்குப் போய்த் திரும்பும் ஆறேழு மணி நேரத்தை நானும் உட்கார்ந்து கழிக்க மாட்டேன். அமைதியான பகுதிகளில் நேரத்தை ஓடவிடலாம். ஆனால் எதிரி அருகில் வந்ததும் அந்த ஓட்டம் தானாக நின்றுவிடும் வசதி வேண்டாம், அதுவே எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. காரணமில்லாமலும் சில முறை நிற்கட்டும். நின்றதும் பத்து நிமிடம் வெறும் வானத்தைத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று தொடர்வதும் போர்க்காலப் பறத்தல்தான்.

கடைசியாக ஒன்று. ஸ்பிட்ஃபயர் புறப்படும் முன் இறக்கையில் உள்ள துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணி ஒட்டி மூடுவார்கள், தூசும் குளிரும் உள்ளே போகாமல் இருக்க. சுட்டால் துணி கிழிந்துவிடும். திரும்பி வரும்போது திறந்த துவாரங்களில் காற்று புகுந்து விசிலடிக்கும். தரையில் காத்திருப்பவர்கள் விமானத்தைப் பார்க்கும் முன்பே அந்த ஓசையைக் கேட்டு இன்று சண்டை நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு எத்தனை வருகின்றன என்று எண்ணத் தொடங்குவார்கள். நான் தரையிறங்கி, என்ஜினை நிறுத்தி, கண்ணாடிக் கூண்டைப் பின்னுக்குத் தள்ளும்போது, ஓடி வருகிற மெக்கானிக் முதலில் என் இறக்கையைப் பார்க்க வேண்டும். பிறகு என் முகத்தை. அதற்குப் பிறகு, எனக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை.